பழைய கார் கண்காட்சியில் ராணுவ வண்டியை நிறுத்தப் போகிறேன். எப்படி வைத்தால் எடுபடும்?

மிலிட்டரி ஏலத்தில் போன ஜீப் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், பளபளக்கும் கார்களுக்கு நடுவே அது எடுபட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பானெட்டில் வெள்ளை நட்சத்திரம் ஒட்டலாமா, டம்மி துப்பாக்கி மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். துப்பாக்கி மாட்டிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 1982ஆம் வருஷத்து ஜோங்கா. நிசான் பட்ரோல் 60 மாடலை வைத்து ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை நம் ராணுவத்துக்காகச் செய்த வண்டி. ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல் எஞ்சின். நிறையப் பேர் டீசலுக்கு மாற்றிவிட்டார்கள், நான் மாற்றவில்லை. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கிறது. வேலூர்ப் பக்கமிருந்து சென்னைக்கு ஒரு நடை வந்தால் 35 லிட்டர் காலி. என் அப்பா ராணுவத்துக்குச் சரக்கு கொண்டுசேர்க்கும் ஏஎஸ்சி பிரிவில் டிரைவராக இருந்தவர். லடாக்கில் இதே ஜோங்காவையும் சக்திமான் லாரியையும் ஓட்டினார். அவருக்காகத்தான் வாங்கினேன்.

ராணுவ வண்டியைத் தனி ஆள் வைத்திருப்பது குற்றம் என்று கருத்துப் பகுதியில் எழுத வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவம் இனி உதவாது என்று கழித்து (கண்டம் செய்து) ஏலம் விட்ட வண்டி இது. ஏலக் காகிதம் இருக்கிறது, ஆர்டிஓவில் பதிந்த ஆர்சி இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது. கண்காட்சிக்குப் போகும்போது மூன்றையும் கையில் வைத்திருங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

வண்ணத்துக்கு வருகிறேன், மனசு ஆறாத இடம் இது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் விதி 121 என்று ஒன்று உண்டு. பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. அதனால் என் ஜோங்கா மணல் நிறத்தில் இருக்கிறது. பானெட்டின் உள்பக்கமும் டேஷ்போர்டுக்கு அடியிலும் மட்டும் ராணுவம் அடித்த பழைய பெயிண்டைச் சுரண்டாமல் விட்டிருக்கிறேன். முதல் வருஷம் கண்காட்சியில் நடுவர் ஒருவர் மார்க் போடும் அட்டையோடு வந்தார். "ஒரிஜினல் கலர் இல்லை" என்று மார்க்கைக் குறைத்தார். பானெட்டைத் திறந்து காட்டி, சட்டம் இப்படி என்று சொன்னேன். "அதெல்லாம் எங்கள் அட்டையில் இல்லை" என்றார். பெயிண்ட் மங்கல் என்று இன்னொரு மார்க் போனது. ராணுவம் வேண்டுமென்றேதான் மங்கலாக அடிக்கிறது, வெயிலில் மின்னினால் தூரத்திலிருந்து தெரிந்துவிடும் என்று. மின்னாமல் இருப்பதுதான் அந்த வண்டியின் ஒழுங்கு. நடுவர்கள் மீது எனக்குப் பகையில்லை, அவர்கள் சம்பளம் வாங்காமல் வந்து நிற்பவர்கள். ஆனால் செடான் காருக்குப் போட்ட அட்டையை வைத்து ஜோங்காவை அளக்கக் கூடாது. அடுத்த வருஷம் விதி 121ஐப் பெரிய எழுத்தில் அச்சடித்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். நீங்களும் வையுங்கள். உங்கள் ஜீப் இப்போது பச்சையில் இருந்தால் கண்காட்சிக்கு முன்னால் அதைக் கவனியுங்கள். எக்காரணம் கொண்டும் வண்டிக்கு பாலிஷ் போட்டுவிடாதீர்கள்.

சரி, துப்பாக்கிக் கதை. ஒரு படப்பிடிப்புக்கு ஜோங்காவை ஆறு நாள் வாடகைக்குக் கொடுத்திருந்தேன். கலை இலாகா ஆட்கள் என்னைக் கேட்காமல் பின்தளத்தில் நாலு துளை போட்டு, பிளைவுட்டில் ஒரு இயந்திரத் துப்பாக்கியை நிறுத்திவிட்டார்கள். பேசிய வாடகையில் பாதி இன்னும் வரவில்லை. மூன்று வருஷமாகிறது. போன் செய்தால் "படம் ரிலீஸ் ஆகட்டும் சார்" என்கிறார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாரும் முழுப் பணம் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் என்ற பேச்சே வேண்டாம். துளை போட்ட தகட்டில் துரு ஏறினால் அந்தச் செலவும் நம் தலையில்தான்.

அந்த பிளைவுட் துப்பாக்கி ஷெட்டில் கிடந்தது. அதை மாட்டித்தான் இரண்டாம் வருஷம் போனேன். காலை ஒன்பது மணியிலிருந்து வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். பிள்ளைகளைத் துப்பாக்கிக்குப் பின்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பதினோரு மணிக்கு அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்து, "யாருடா இத மாட்டுனது?" என்றார்.

நான் அப்துல் ஹமீது பெயரைச் சொன்னேன். 1965 செப்டம்பரில் கேம்கரண் பக்கம் அசல் உத்தர் சண்டையில், ஆர்சிஎல் என்ற டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி பொருத்திய ஜீப்பிலிருந்து பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை அடித்து உயிர்விட்டவர், பரம்வீர் சக்ரா வாங்கியவர். துப்பாக்கி வைத்த ஜீப் நம் ராணுவத்தில் இருந்தது உண்மைதானே என்று கேட்டேன்.

"அது ஆர்சிஎல் வண்டி. அந்த வேலைக்குன்னே தனியா ரெடி பண்ணது. இது ஜிஎஸ் வண்டி, பொது வேலைக்கு. இதுல நான் என்னடா ஏத்துனேன்? மண்ணெண்ணெ, பால் பவுடரு, தபால் மூட்டை. ஜோஜிலா கணவாய் பனியில மூடறதுக்குள்ள அதக் கொண்டுபோய்ச் சேக்கணும். அவன் அவன் ஊர்லருந்து வந்த லெட்டர எதிர்பாத்து உக்காந்திருப்பான். அத எடுத்துட்டுப் போனவன் கையில பொம்மைத் துப்பாக்கி குடுக்கறியா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் எனக்கு நிற்க முடியவில்லை. பக்கத்து ஸ்டால்காரரிடம் ஸ்பேனர் வாங்கி அங்கேயே கழற்றினேன்.

அப்புறம் அவர் ஃபர்ஸ்ட் பரேட் பார்க்க ஆரம்பித்தார். ராணுவத்தில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் தினமும் செய்யும் சோதனைக்கு அதுதான் பெயர். ஆயில், தண்ணீர், பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட், டயர், லைட் என்று வரிசையாக. ஜெரிக்கேன் வாய் உள்பக்கம் பார்த்து இருந்ததைத் திருப்பி வைத்தார். மண்வெட்டியைக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்துவிட்டு வார்ப்பட்டை தேடச் சொன்னார். சுற்றி நின்றவர்களுக்கு ஒவ்வொன்றும் எதற்கு என்று அவரே சொன்னார். கூட்டம் பாதியாகக் குறைந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் குடியாத்தம், ஆரணி என்று எங்கெங்கோ ஊர்க்காரர்கள், பென்ஷன் வாங்குபவர்கள், மதியத்துக்கு மேல் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் தன் மனைவியைக் கூட்டி வந்து, தான் எங்கே உட்கார்ந்து ஓட்டினார் என்று காட்டினார். மூடும் நேரம் வரை அந்த அம்மா வண்டியைவிட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகு வண்டிக்கு முன்னால் ஒரு மேஜை போடுகிறேன். அதில் ராணுவ வண்டியின் ஓட்டத்தை எழுதி வைக்கும் கார் டைரி மாதிரி ஒரு நோட்டு, அப்பாவின் மஃப்ளர், அவர் சொன்னதை நானே எழுதிய இரண்டு பக்கம். உங்களுக்கு அப்படி ஒரு அப்பா இல்லையென்றாலும் உங்கள் ஊரில் யாராவது எக்ஸ் சர்வீஸ்மேன் இருப்பார். முன்னாலேயே போய்ப் பார்த்து, வண்டியைக் காட்டி, ஒரு நாள் வந்து நிற்க முடியுமா என்று கேளுங்கள். சாப்பாடும் வண்டிச் செலவும் உங்களுடையதாக இருக்கட்டும்.

நட்சத்திரத்தை வேண்டாம் என்றதற்குக் காரணம், அது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் நேச நாடுகளும் போட்ட அடையாளம். உங்கள் வண்டி 1941-45இல் வந்த வில்லிஸோ ஃபோர்டோ என்றால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. போல்ட்டுகளின் தலையில் எஃப் எழுத்து இருந்தால் ஃபோர்டு செய்தது. பானெட் உயரமாகத் தூக்கி நின்றால் பெரும்பாலும் அது பின்னால் வந்த மகிந்திரா சிஜே 3பி. அதில் நட்சத்திரத்துக்கு வேலையே இல்லை. மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட பழைய ராணுவ எண் தெரிந்தால் அதை ஒரு பலகையில் எழுதி மேஜையில் வையுங்கள். பம்பரில் மாட்டாதீர்கள், அங்கே ஆர்டிஓ எண்தான் இருக்க வேண்டும். படைப்பிரிவுச் சின்னங்களையும் வரையாதீர்கள்.

துப்பாக்கி வைப்பவர்கள் எல்லோரும் தப்பு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வண்டி உண்மையிலேயே துப்பாக்கி சுமந்தது என்றால், அதைச் சொல்லும் ஆதாரத்தோடு வையுங்கள்.

மற்றபடி, எஞ்சினுக்கு அடியில் தட்டு வையுங்கள், இந்த வண்டிகள் ஆயில் சொட்டும். டேங்கில் திரும்பிப் போகத் தேவையான பெட்ரோல் மட்டும் போதும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள், சக்கரத்துக்குக் கல் கொடுங்கள், தீயணைப்பு சிலிண்டர் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் ஏறத்தான் செய்வார்கள், தடுக்காதீர்கள்.

உங்கள் வண்டி எந்த மாடல், எந்த வருஷம் என்று எழுதுங்கள். ஜோங்காவாக இருந்தால் பழைய உதிரி பாகங்களுக்காகச் சென்னைப் புதுப்பேட்டையில் அலைவதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள். தார்ப்பாய்க் கொக்கி இரண்டு செட் கூடுதலாக வைத்திருக்கிறேன்.