நெத்திலி இன்னும் உயிரோடுதானே இருக்கிறான்?

அன்புள்ள மேடம்,

வணக்கம். ஒரு பூனைக்காக உளவியல் ஆலோசகருக்கு எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது.

பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், என் மாமியார். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மல்லி என்று ஒரு பூனை ஐந்து வருஷமாக எங்களோடு இருக்கிறாள். போன மழைக்காலத்தில் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு குட்டி நனைந்துபோய்க் கிடந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். கண் இரண்டும் பீளை கட்டி ஒட்டியிருந்தன. துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தேன். "நெத்திலி மாதிரி இருக்கான்" என்றாள் மகள். அதுவே பெயராகிவிட்டது.

கொஞ்ச நாளில் தேறிவிட்டான். நான் தைக்க உட்கார்ந்தால் வெட்டிப் போட்ட பார்டர் துணியை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலடியில் சேர்த்துவைப்பான். நூல்கண்டு என்றால் உயிர். மல்லி முதலில் சீறினாள். அப்புறம் அவளே அவன் தலையை நக்கிவிட ஆரம்பித்தாள்.

ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, காய்ச்சலும் இருந்தது. டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார், ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. ரத்தம் எடுத்து கிட்டில் விட்டுப் பார்த்துவிட்டு, "ஃபிலைன் லுக்கேமியா பாசிட்டிவ். இது குணமாகாதும்மா. வீட்டில் இன்னொரு பூனை வேறு இருக்கிறது என்கிறீர்கள். ஊசி போட்டு அனுப்பிவிடுவது நல்லது, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். வெளியே வரிசையில் ஆள் காத்திருந்தது. நான் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது துணி வைக்கும் சின்ன அறையில் அவனைத் தனியாக வைத்திருக்கிறேன். "ரத்தப் புற்றுநோய் வந்த பூனையை வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில் வைக்கலாமா?" என்கிறார் அத்தை. "தெருவில் இருந்து வந்தது தெருவுக்கே போகட்டும். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போகிறது, நீ பூனைக்கு டெஸ்ட் எடுக்கிறாய்" என்கிறார் கணவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தையல் காசில்தான் செலவு செய்கிறேன் என்றாலும் பில்லில் பாதியை மிஷின் டிராயரில் ஒளித்துவைக்கிறேன். மகளிடம் சளி என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்த காலத்தில் நான்தான் கூட இருந்தேன். குடித்த தண்ணீர், எடை, பிரஷர் எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதுவேன். அப்பா போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. நெத்திலிக்கும் அப்படியே ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். ராத்திரியில் எழுந்து எழுந்து போய் மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஆனால் அவனை மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை மேடம். மருந்தைக் கொடுத்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறேன். உள்ளே இருந்து கத்துவான். எனக்குக் கை வராது. போகப்போகிறவனிடம் இதற்கு மேல் ஒட்டிக்கொண்டால் தாங்கமாட்டேன் என்று இருக்கிறது.

அவனை வைத்துக்கொள்வது சரியா? ஊசி போடச் சொன்னால் அது கொலையா? மல்லிக்கும் வந்துவிடுமா? எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

*

அன்புள்ள சகோதரிக்கு,

நான் சிரிக்கவில்லை. உங்களுக்குப் புத்தியும் பேதலிக்கவில்லை.

மனசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் பயத்தில் எவ்வளவு நிஜம் என்று பார்த்துவிடலாம். அரைகுறைத் தகவலோடு இருக்கும் ஆளிடம் "தைரியமாக இரு" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஆகவே அந்தத் துறையில் இருக்கும் நண்பரிடம் உங்கள் கேள்விகளைக் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அத்தைக்கு. இது பூனைக்குப் பூனை பரவும் வைரஸ். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் 1964-இல் இதைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் இதனால் மனிதருக்கு நோய் வந்ததாக எந்தச் சான்றும் இல்லை. உங்கள் மகளுக்கும் வராது, அத்தைக்கும் வராது. பெயரில் ரத்தப் புற்றுநோய் இருந்தாலும் இந்த வைரஸ் பிடித்த எல்லாப் பூனைக்கும் புற்றுநோய் வருவதில்லை. சிலவற்றுக்கு வருகிறது. மற்றவற்றுக்கு ரத்தச்சோகை, எதிர்ப்புச் சக்தி குறைவு, வாய்ப்புண் என்று பல விதமாகப் படுத்தும். எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனையிடமிருந்து படர்தாமரை மாதிரி வேறு தொற்றுகள் நமக்கு ஒட்டலாம். அதனால் அவன் மலம் கழிக்கும் மண் தட்டைச் சுத்தம் செய்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது போதும்.

அடுத்து, ஒரு தடவை பாசிட்டிவ் வந்ததோடு கதை முடியவில்லை. அந்த கிட் ரத்தத்தில் வைரஸின் புரதம் இருக்கிறதா என்று பார்க்கிறது. சில பூனைகளின் உடம்பு வைரஸைத் தானே அமுக்கிவிடும். அதனால் ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், கூடவே பிசிஆர் பரிசோதனையும் செய்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். அங்கே இன்னொரு கருத்தும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது முறையும் பாசிட்டிவ் என்றால் மழுப்பாமல் சொல்கிறேன், வைரஸ் நிலைத்துவிட்ட பூனைகளில் பலவும் மூன்று ஆண்டுக்குள் இறந்துவிடுகின்றன. அதைத் தாண்டி வாழ்கிறவையும் உண்டு. பரிசோதனை முடிவை மட்டும் வைத்து ஒரு பூனையை ஊசி போட்டு அனுப்பக் கூடாது என்றே அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

மல்லி விஷயத்தில் கவலைப்பட இடமிருக்கிறது, பதற வேண்டாம். எச்சில்தான் முக்கிய வழி. ஒன்றையொன்று நக்குவது, ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவது, கடித்துக்கொள்வது. குட்டிகளுக்குத்தான் சட்டென்று பிடிக்கும், வயது ஏற ஏறத் தாக்குப்பிடிக்கும் சக்தி கூடும். மல்லியின் ஐந்து வயது அவளுக்குச் சாதகம். அவளுக்கும் இப்போது ஒரு பரிசோதனை, இருவரையும் பிரித்துவைத்து ஒரு மாதம் கடந்தபின் இன்னொன்று எடுங்கள். பூனைகளுக்கு வழக்கமாகப் போடும் டிரைகேட் தடுப்பூசி இந்த நோயைத் தடுக்காது, அதை நம்பி இருந்துவிடாதீர்கள். உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் அதிக நேரம் தாங்காது, சோப்பிலேயே அழிந்துவிடும். தனி அறை, தனிக் கிண்ணம், தனி மண் தட்டு, கழுவிய கை என்றால் ஒரே வீட்டில் இரண்டும் இருக்கலாம். தெருவில் விடும் யோசனை மட்டும் வேண்டாம். அவனுக்கு அங்கே எந்தச் சின்னத் தொற்றும் எமனாகிவிடும், அவனால் தெருப் பூனைகளுக்கும் பரவும். உங்கள் கணவருக்கு இது தெரிந்திருக்காது, சொல்லுங்கள்.

சரி, இப்போது உங்களுக்கு வருகிறேன்.

நீங்கள் கேட்ட நான்கு கேள்வியையும்விட, அவற்றுக்கு முன்னால் எழுதிய அந்தச் சாத்திய கதவில்தான் நான் நின்றுவிட்டேன். ராத்திரி எழுந்து மூச்சைப் பார்க்கிறவர் பகலில் மடியில் எடுப்பதில்லை. எடை எழுதுகிறீர்கள், அவன் கூப்பிட்டால் கை வருவதில்லை.

எரிக் லிண்டெமன் என்ற மனநல மருத்துவர் 1944-இல் துக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் நகரில் 1942-இல் ஓர் இரவு விடுதி தீப்பிடித்து ஏராளமானோர் இறந்தார்கள், அதில் பிழைத்தவர்களையும் உறவினர்களையும் கவனித்தவர் அவர். அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஒரு சிப்பாய் வருகிறார். போர்முனையிலிருந்து உயிரோடு திரும்பினால், மனைவிக்கு அவர்மேல் அன்பே இல்லை, விவாகரத்து கேட்கிறாள். அவள் கெட்டவள் இல்லை. "செத்துவிடுவான், செத்துவிடுவான்" என்று தினமும் பயந்து, அழுது, மனசுக்குள் எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டாள். ஆள் வாசலில் வந்து நிற்கும்போது அவருக்கு அங்கே இடம் இல்லை. முன்கூட்டியே வரும் இந்தத் துக்கத்துக்கு ஒரு பாதுகாப்பு வேலை உண்டு, அடி விழும்போது வலி குறையட்டும் என்று மனசு செய்யும் ஏற்பாடு அது. ஆனால் அதற்கு விலை கொடுப்பது உயிரோடு இருக்கிறவர்.

உங்கள் வீட்டில் அந்த விலையை நெத்திலி கொடுக்கிறான். நீங்களும்தான்.

இது இந்தப் பூனையோடு தொடங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் அந்த நோட்டு உங்களைக் காப்பாற்றியிருக்கும். எதுவும் நம் கையில் இல்லாதபோது தண்ணீர் அளவாவது நம் கையில் இருக்கட்டும் என்று தோன்றும். அப்பா போன பிறகு அழுதீர்களா, யாரிடமாவது பேசினீர்களா என்பது கடிதத்தில் இல்லை. ஆஸ்பத்திரி வாசனை திரும்ப வந்ததும் உங்கள் கை தானாகவே அதே வேலைக்குப் போய்விட்டது என்றுதான் நான் படிக்கிறேன். தவறாக இருந்தால் திருத்தி எழுதுங்கள். இந்தக் கண்ணீரில் கொஞ்சம் அப்பாவுடையது என்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நோட்டைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன், சுருக்குங்கள். வாரம் ஒருமுறை எடை, தினமும் சாப்பாடு, ஈறின் நிறம், அவ்வளவே. ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை மூச்சை எண்ணுங்கள். தூங்கும் பூனை நிமிடத்துக்கு முப்பதுக்குள் மூச்சு விட்டால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

அப்புறம், நாளில் ஒரு வேளையாவது மருந்து இல்லாத கையோடு அந்த அறைக்குப் போங்கள். இப்போது அவனுக்கு உங்கள் கை என்றால் வாயைப் பிளக்கும் கை. உங்களைக் கண்டு ஒளிய ஆரம்பித்தால் அடுத்து மருந்து கொடுப்பதும் பாடாகிவிடும். மடியில் தூக்க வேண்டியதில்லை. ஊக்கு தைக்கும் வேலையை அந்த அறைக்கே எடுத்துக்கொண்டு போய்த் தரையில் உட்காருங்கள். பார்டர் துணி அவன் பக்கம் கிடக்கட்டும். நூல்கண்டையும் ஊசியையும் மட்டும் டப்பாவில் மூடிவிடுங்கள், பூனை நூலை விழுங்கினால் குடலைச் சுருட்டிவிடும், அதற்கு ஆபரேஷன்தான் வழி. இன்னொன்று, காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம், ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். பச்சை இறைச்சி, பச்சை மீனும் இப்போது வேண்டாம்.

கணவரிடம் அந்த டிராயரைத் திறந்து காட்டிவிடுங்கள். அவருடைய கோபத்தில் பூனை பாதி, அம்மாவின் கண் பாதி. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கண்புரை அறுவைச் சிகிச்சை இலவசமாகவே செய்கிறார்கள். அத்தையை நீங்களே கூட்டிப்போய்த் தேதி வாங்குங்கள். பிறகு பூனைக்கு மாதம் இவ்வளவு என்று இருவரும் சேர்ந்து ஒரு தொகை பேசுங்கள். அந்தத் தொகைக்கு மேல் போகும் சிகிச்சை வந்தால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பிரியம் இருக்கிறவர்களுக்கும் வரவு செலவு இருக்கும்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்துவது தெரியாமலா இருக்கும்? "நெத்திலிக்குக் குணமாகாத நோய், எவ்வளவு நாள் என்று தெரியாது, இருக்கும் வரை நன்றாக வைத்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் போதும். அவள் அழுவாள், அழட்டும். பிறகு விளையாட்டு இலாகாவை அவளிடம் கொடுத்துவிடுங்கள், உங்களைவிடத் திறமையாக நடத்துவாள். மல்லியைத் தொடும் முன் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

ஊசி கொலையா என்று கேட்டிருந்தீர்கள். வலி தீராத பூனைக்கு அதைச் செய்வதைக் கொலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாப்பிட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்று உங்களைக் கூப்பிடும் பூனைக்கு, உங்கள் பயம் தாங்காமல் செய்தால் அது உங்களைப் பல வருஷம் தூங்கவிடாது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் இதற்காகவே ஒரு மதிப்பெண் முறையை வகுத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்களுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று போட வேண்டும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். அந்தத் தாளை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கட்டத்தில் போதும் என்று நிறுத்துவது என்பதை இப்போதே கணவரோடு பேசி முடிவு செய்துவிட்டால், அந்த நாளில் நீங்கள் தனியாக நிற்க வேண்டியிருக்காது.

"ஒரு பூனைக்குப் போய் இப்படியா?" என்று ஊர் கேட்கத்தான் செய்யும். சுற்றியிருப்பவர்கள் துக்கமாக ஒத்துக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989-இல் ஒரு நூலே கொண்டுவந்தார், வளர்ப்புப் பிராணியின் இழப்பும் அந்தக் கணக்கில்தான் வரும். உங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பூனை வளர்க்கும் ஒரு சிநேகிதியாவது உங்களுக்கு இருப்பார், அவரிடம் பேசுங்கள்.

தூக்கம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அல்லது அப்பாவின் நினைவு வந்து வேலையே ஓடாமல் நின்றால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம்தான், எந்த நேரமும் தமிழில் பேசலாம். மல்லியின் பரிசோதனை முடிவு என்ன என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்