கொலு பொம்மை வாங்க விளாச்சேரிக்கு நீங்களே போங்கள்

கேள்வி: மதுரை அண்ணா நகரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். இந்தப் புரட்டாசியில் முதல் முறையாகக் கொலு வைக்க ஆசை. ஐந்து படி, பத்தாயிரம் ரூபாய் என்று ஒதுக்கியிருக்கிறேன். என் கணவருக்குத் தெரிந்த ஒருவர், "விளாச்சேரியில் எனக்கு ஆள் இருக்கிறது, ஏழாயிரம் அட்வான்ஸ் கொடுங்கள், நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? மண் பொம்மை வாங்குவதா, காகிதக் கூழ் பொம்மையா? மழைக்காலத்தில் கெட்டுப்போகாமல் எப்படி வைப்பது? பிள்ளைகளை அப்படியே எங்காவது அழைத்துப் போகவும் யோசனை சொல்லுங்கள்.

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதலில் இதை முடித்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த நண்பர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் ஏற்பாட்டில் பொம்மையை நீங்கள் பார்ப்பது நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னால்தான். அன்றைக்கு மூக்கு உடைந்திருந்தாலும், தசாவதார செட்டில் பத்துக்கு ஒன்பதுதான் இருந்தாலும், மண் என்று சொல்லி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வந்திருந்தாலும் என்ன செய்வீர்கள்? படி கட்டியாகிவிட்டது, பக்கத்து வீட்டாரை அழைத்தாகிவிட்டது. வாங்கி வைத்துக்கொள்வீர்கள். கடைசி நேரத்தில் யாரும் திருப்பித் தரமாட்டார்கள் என்பது தெரிந்துதான் இப்படிப்பட்ட ஆட்கள் அந்தத் தேதியைச் சொல்கிறார்கள். பழுது பார்க்க என்னிடம் வரும் பொம்மைகளில் முதல் வருடமே கெட்டவை பெரும்பாலும் இந்த வழியில் வாங்கியவைதான்.

இன்னொன்று, செய்கிறவருக்கு அந்த ஏழாயிரத்தில் எவ்வளவு போகிறது என்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை. விளாச்சேரியில் வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்கின்றன. கொலு பொம்மை மட்டுமல்ல, விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், கிருஷ்ண ஜெயந்திக்குக் கிருஷ்ணர், கிறிஸ்துமஸுக்குக் குடில் செட் என்று வருடம் முழுக்க வேலை நடக்கும் ஊர் அது. மண் குழைப்பதிலிருந்து கண் திறப்பது வரை வீட்டில் எல்லோரும் கை வைக்கிறார்கள். அங்கிருந்து டவுனுக்குள் வருவதற்குள் விலை எங்கோ போய்விடுகிறது, கூடின காசு அவர்கள் கைக்குப் போவதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே போங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பரங்குன்றம் ரோட்டில் பசுமலை வந்து, அங்கே விசாரித்து உள்ளே திரும்பினால் விளாச்சேரி. ஆட்டோவில் போனால், "எனக்குத் தெரிந்த கடை" என்று அவர் காட்டும் இடத்தில் இறங்காதீர்கள், அங்கே அவருக்குக் கமிஷன் இருக்கும். ரோட்டோரத்தில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் முதல் கடையிலேயே நின்றுவிடவும் வேண்டாம். அங்கே வெளியூரிலிருந்து வந்த பொம்மையும் கலந்திருக்கலாம். தெருவுக்குள் நடந்து, வாசலில் அச்சும் ஈர மண்ணும் கிடக்கிற வீடாகப் பாருங்கள். வண்ணம் பூசாத பொம்மைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அதுதான் செய்கிற இடம்.

போவதற்கு முன் படியை அளந்து கொள்ளுங்கள். பலரும் இதை விட்டுவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். பொம்மைக்கு அங்குலத்தில்தான் விலை சொல்வார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று தெரியாமல் போய் உயரமான பொம்மையை வாங்கினால், அது பின்னால் இருக்கிற பொம்மையின் முகத்தை மறைத்துவிடும். மேல் படியில் வேண்டுமானால் உயரமாக வைக்கலாம்.

சரி, மண்ணா பிளாஸ்டரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொம்மையைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடிப்பக்கம் சுட்ட மண்ணாக இருந்தால் செங்கல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும், உள்ளே கூடாக இருக்கும், விளிம்பில் விரல் பதிந்த தடம்கூடத் தெரியும். பிளாஸ்டராக இருந்தால் வெள்ளை. இது எல்லோருக்கும் தெரிந்துபோனதால் இப்போது சிலர் அடிப்பக்கத்துக்கும் காவி அடித்துவிடுகிறார்கள். அதனால் பார்ப்பதோடு விடாதீர்கள், உள் விளிம்பில் நகத்தால் கீறுங்கள். வெள்ளை மாவு வந்தால் அது மண் அல்ல. அப்புறம் விரல் கணுவால் ஒரு தட்டு. நன்றாக வெந்த மண் கணீரென்று பேசும். பிளாஸ்டர் மொத்தென்று இருக்கும். மண்தான், ஆனால் மொத்தென்கிறது என்றால் சரியாக வேகவில்லை, அல்லது எங்கோ விரிசல் இருக்கிறது. அதையும் எடுக்காமல் திருப்பி வைத்துவிடுங்கள்.

அச்சில் இரண்டு பாதியாக எடுத்து ஒட்டுவதால் பக்கவாட்டில் ஒரு சேர்மானம் இருக்கும். அழகர் ஆற்றில் இறங்குகிற பொம்மையை எடுத்தால் குதிரையின் வயிற்றுக்கு அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கேதான் பிளவு முதலில் வரும். தங்கக் குதிரை என்பதால் மேலே பூசியிருக்கும் பொன் வண்ணம் எல்லாவற்றையும் மறைத்துவிடும், ஆனால் வயிற்றுக்கு அடியில் யாரும் அவ்வளவு சிரத்தையாகப் பூசுவதில்லை. மயிரிழைபோல ஒரு கோடு கையில் தட்டுப்பட்டால் வேறு கேளுங்கள். கொடுப்பார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். செய்கிறவரிடம் நேரில் வாங்குவதில் பெரிய வசதியே அதுதான்.

செட்டாக வாங்கும்போது எண்ணிப் பாருங்கள். கல்யாண செட், கச்சேரி செட், மீனாட்சி திருக்கல்யாணம் எதுவானாலும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு செட்டில் உடைந்த பொம்மைக்குப் பதில் இன்னொரு செட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுவது சந்தையில் சாதாரணமாக நடக்கிறது. அளவும் முக வண்ணமும் ஒத்துப்போகாமல் வீட்டில் வைத்த பிறகுதான் கண்ணில் படும். போன் படத்தைப் பார்த்து ஆர்டர் போடுவது பற்றி ஒன்றே ஒன்று. படத்தில் தட்டிப் பார்க்க முடியாது.

ஒரு பொம்மை என்ன பொருளில் செய்தது என்று அதன் மேல் எழுதி ஒட்ட வேண்டும் என ஒருவரும் வற்புறுத்துவதில்லை என்பது எனக்கு வியப்பு. பிஸ்கட் பாக்கெட்டில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடிக்க வேண்டும். சாமி பொம்மைக்கு மட்டும் விற்கிறவர் வாய்ச்சொல்தான். மறுபக்கம், மண்ணில் செய்கிறவருக்குத்தான் எல்லா இடைஞ்சலும். கண்மாயில் மண் எடுக்க அனுமதி வேண்டும், அதற்கு மனு, அதற்கு நடை. 2024-ல் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு எளிதாக்கியது நல்ல காரியம். ஆனாலும் ஒரு காகிதம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போவதற்குள் கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த வருடத்துக்கு மண் கிடையாது. பிளாஸ்டர் மூட்டையைக் கடையில் எந்த மனுவும் இல்லாமல் வாங்கலாம். இப்படி வைத்துக்கொண்டு, மண் தொழில் அழிகிறது என்று மேடையில் வருத்தப்பட்டு என்ன பயன்?

எப்போது போவது என்று கேட்டால், இந்த ஆவணிக்குள். மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. அதற்கு முந்தின வாரம் எல்லோரும் குவிவார்கள். ஆனால் நான் சீக்கிரம் போகச் சொல்வது கூட்டத்துக்காக மட்டுமல்ல, வண்ணத்துக்காக. மதுரையில் ஆவணி புரட்டாசியிலேயே சாயங்கால இடிமழை பிடித்துக்கொள்ளும். மேகமூட்டத்தில் பூசின வண்ணம் மேலே காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே காய்ந்திருக்காது. அதை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொடுத்தால் வீட்டில் பிரிக்கும்போது கவரோடு கன்னத்து வண்ணமும் வந்துவிடும். நல்ல வெயில் அடிக்கிற நாட்களில் பூசினதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஒருவேளை ஆர்டர் கொடுத்தே செய்ய வேண்டியிருந்தால், செய்கிறவர் கையிலேயே சிறு தொகை கொடுத்து, எத்தனை அங்குலம், சுட்ட மண், என்ன வண்ணம், என்ன தேதி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி அவர் சரி என்று பதில் போட்டாலும் போதும்.

காகிதக் கூழ் பற்றிக் கேட்டீர்கள். பொதுவாக நான் சுட்ட மண்ணைத்தான் சொல்வேன், ஆனால் உங்கள் வீட்டுக்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அரைகுறையாகப் புரிந்துகொண்டால் நஷ்டம்.

நீங்கள் வாடகை வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறீர்கள். வீடு மாறும்போதெல்லாம் பொம்மையைப் படியிறக்கி ஏற்ற வேண்டும். மடக்குகிற இரும்புப் படி என்றால் மேல் தட்டில் கனமான மண் பொம்மை வைக்கும்போது ஆடும், பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் அது ஆபத்து. ஆகவே மேல் படியில் நடுவே வைக்கிற ஒரே ஒரு பெரிய பொம்மை, அது மட்டும் காகிதக் கூழாக இருக்கலாம். எடை மிகக் குறைவு, கீழே விழுந்தாலும் மண் பொம்மைபோலச் சில்லாகாது. இரண்டாவது படியிலிருந்து கீழே எல்லாம் மண்.

ஆனால் காகிதக் கூழில் பசை சேர்க்கிறார்கள். பசை இருக்கிற இடத்துக்குப் பூச்சி வரும், ஈரம் பட்டால் பூஞ்சை வரும். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் உள்ளே காயவில்லை. அடியில் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. வீட்டில் குளியலறையை ஒட்டிய சுவர்ப் பக்கமாகவோ, ஐப்பசியில் ஓதம் ஏறுகிற சுவர்ப் பக்கமாகவோ அதை வைக்காதீர்கள். கலசத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் சிந்தும், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் தீப்பிடிக்கும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் வாங்குங்கள். சொந்த வீட்டில் தரைத்தளத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த விலக்கு தேவையே இல்லை.

பிள்ளைகளை அழைத்துப் போகும் விஷயத்துக்குத் தனி நாள் தேட வேண்டாம். விளாச்சேரிக்குப் போகிற அன்றே முதலில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய்விடுங்கள், பக்கம்தான். வெயில் ஏறுவதற்குள், காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருந்தால் நல்லது. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமர நிழல். பாறையில் வெட்டின படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம், சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் கல்வெட்டு. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், அன்று மட்டும் மேலே ஏற்றாதீர்கள். இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டு விளாச்சேரிக்கு வந்தால், காலையில் கல்லில் பார்த்ததையும் இங்கே மண்ணில் பார்ப்பதையும் பிள்ளைகளே பேச ஆரம்பிப்பார்கள். கேட்டால் ஒரு பிடி மண்ணை அவர்கள் கையில் கொடுக்கவும் செய்வார்கள்.

நவராத்திரி நடக்கும்போது ஒரு சாயங்காலம் மீனாட்சி அம்மன் கோயில் கொலுவுக்குப் போய் வாருங்கள். அம்மனுக்கு ஒவ்வொரு நாளும் ஓர் அலங்காரம். வளையல் விற்றது, கல் யானைக்குக் கரும்பு கொடுத்தது என்று மதுரையில் நடந்த திருவிளையாடல்களே வரும். உங்கள் கொலுவில் என்ன வைப்பது என்பதற்கு அதைவிட நல்ல யோசனை கிடைக்காது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை, அதனால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தில் வளையலும் பித்தளைச் சாமானும் வாங்கலாம் என்று நினைத்திருந்தால், அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்து வாசலில் நின்று தேடாதீர்கள்.

விஜயதசமி முடிந்து பொம்மையை எடுத்து வைப்பதில்தான் அடுத்த வருடக் கொலு இருக்கிறது. அதற்குள் ஐப்பசி அடைமழை நெருங்கியிருக்கும். முதலில் உலர்ந்த துணியால் தூசி தட்டுங்கள், ஈரத்துணி கூடாது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றையும் சுற்றுங்கள். செய்தித்தாளை நேராகச் சுற்றினால் புது வண்ணத்தில் அச்சு மை ஒட்டும், துணிக்கு மேலே சுற்றலாம். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பாச்சை உருண்டை வண்ணத்தை இளக்கும், அதற்குப் பதில் காய்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் போடுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் பரணில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். காகிதக் கூழ் பொம்மைக்குத் தனிப் பெட்டி. தை பிறந்து வெயில் வந்ததும் ஒரு நாள் எல்லாவற்றையும் பிரித்து நிழலில் காற்றாட விடுங்கள்.

அந்த நண்பரிடம் முகத்தை முறிக்க வேண்டியதில்லை. கணவருக்குச் சங்கடமாக இருந்தால், "நாங்களும் வருகிறோம், உங்கள் ஆளை நேரில் காட்டுங்கள், பொம்மையைப் பார்த்து அவர் கையிலேயே பணம் கொடுத்துவிடுகிறோம்" என்று சொல்லச் சொல்லுங்கள். உண்மையிலேயே ஆள் இருந்தால் கூட்டிப் போவார். வேலை இருக்கிறது என்று தட்டிக் கழித்தால் ஏழாயிரம் உங்கள் கையிலேயே இருக்கும்.