கார் இல்லாமல் ஸ்பெயின்: வாசகர் கேள்வி – பதில்

அண்ணா நகர், மதுரை வாசகி: நானும் கணவரும் ஏப்ரலில் இரண்டு வாரம் ஸ்பெயின் போகிறோம். இருவருக்குமே அங்கே கார் ஓட்டத் துணிவில்லை. பார்சிலோனா, மாட்ரிட், செவில்யா, கிரானடா பார்க்க ஆசை. மாட்ரிடில் இறங்கி, திரும்பும்போதும் அங்கேயே விமானம் ஏறலாமா?

கார் இல்லாதது நல்லதே அம்மா. இந்த நாலு ஊரிலும் பழைய நகரத்துக்குள் காரைக் கொண்டுபோனால் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். ஆனால் மாட்ரிட் போய் மாட்ரிடிலேயே திரும்புவது வேண்டாம். பார்சிலோனாவுக்கும் மாட்ரிடுக்கும் ரயிலில் 621 கி.மீ. அதைப் போகவும் வரவும் இரண்டு முறை கடக்க வேண்டிவரும். விமான டிக்கெட் எடுக்கும்போது ‘மல்டி சிட்டி’ என்பதைத் தேர்ந்தெடுத்து, போவதைப் பார்சிலோனாவுக்கும் வருவதை மாட்ரிடிலிருந்தும் போடுங்கள். துபாய், தோஹா வழியாகப் போகும் விமானங்கள் இரண்டு ஊருக்கும் உண்டு.

இரவுக் கணக்கு இப்படி: பார்சிலோனா 4, மாட்ரிட் 3, செவில்யா 3, கிரானடா 2, கடைசியாக மாட்ரிடில் 1. பார்சிலோனாவிலிருந்து மாட்ரிடுக்கு அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். மதுரை–சென்னையைவிட நூறு கி.மீ.க்கு மேல் கூடுதல் தூரம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்ரிடில் ஒரு நாள் டொலேடோ போய்வரலாம், ரயிலில் 35 நிமிடம்.

செவில்யா போகும் வழியில் கோர்தோபாவில் இறங்கிவிடுங்கள். நம் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண் என்றால், அங்குள்ள மசூதி–தேவாலயத்தில் 850-க்கு மேல், எல்லாம் சிவப்பு வெள்ளை வளைவுகளோடு. ஆனால் நம் ரயில்வேயில் நீண்ட தூர டிக்கெட்டில் நடுவில் இறங்கித் தங்கிப் போகிற வழக்கம் அங்கே செல்லாது. டிக்கெட் அந்த வண்டிக்கும் அந்த இருக்கைக்கும் மட்டுமே. அதனால் மாட்ரிட்–கோர்தோபா, கோர்தோபா–செவில்யா என இரண்டு டிக்கெட்டாக, நடுவில் ஐந்தாறு மணி நேரம் விட்டு வாங்குங்கள். இரண்டாவது துண்டு முக்கால் மணி நேரம்தான். பெட்டியைக் ‘கொன்சிக்னா’ என்று எழுதியிருக்கும் லாக்கரில் வைத்துவிட்டுக் கைவீசி நடக்கலாம்.

செவில்யாவிலிருந்து கிரானடாவுக்குப் பஸ்ஸே போதும். பிளாசா தே அர்மாஸ் நிலையத்திலிருந்து சுமார் 3 மணி நேரம்.

ஏப்ரல் என்பதால் ஒரு எச்சரிக்கை. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரக் கொண்டாட்டமும், ஈஸ்டர் முடிந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து வரும் ஃபெரியா திருவிழாவும் செவில்யாவில் விழுகின்றன. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கோரிப்பாளையத்தில் லாட்ஜ் தேடுவது எப்படியோ, அப்படித்தான் இருக்கும். அறை கிடைத்தாலும் வாடகை கேட்டால் தலை சுற்றும். முதலில் அந்த வருட ஈஸ்டர் தேதியைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

திருமங்கலம் வாசகர்: ஐரோப்பிய ரயில்களுக்கான யூரெயில் பாஸ் வாங்கினால் லாபமா? டிக்கெட்டை அங்கே போய் எடுத்தால் போதாதா?

இந்த வழிக்குப் பாஸ் நஷ்டம். பாஸ் இருந்தாலும் அதிவேக ரயிலில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும். ஸ்பெயின் அரசு ரயில்வே அல்லாத உய்கோ, இரியோ என்ற வேறு நிறுவன வண்டிகளில் அது செல்லவே செல்லாது. நீங்கள் ஏறப்போவது நாலைந்து நீண்ட வண்டிகள்தான், தனித்தனியாக எடுங்கள். அதிவேக ரயில் கட்டணம் விமானக் கட்டணம் மாதிரி, நாள் நெருங்க நெருங்க ஏறும். ஒன்றிரண்டு மாதம் முன்பே எடுத்தால் பாதி விலைக்கும் கிடைக்கும். டொலேடோ வண்டிக்கு விலை மாறாது, ஆனால் இருக்கை தீர்ந்துபோகும்.

மலிவு டிக்கெட்டில் பெட்டிக் கணக்கைக் கவனியுங்கள். அரசு ரயில்வேயின் மலிவு வண்டியான அவ்லோ, உய்கோ இரண்டிலும் அடிப்படைக் கட்டணத்துக்குச் சிறு பெட்டியும் கைப்பையும்தான். பெரிய சூட்கேசுக்குத் தனிக் காசு, அதையும் டிக்கெட் எடுக்கும்போதே சேர்ப்பதுதான் மலிவு.

பணம் கட்டும்போது கார்டு நிராகரிக்கப்பட்டால் பதறவேண்டாம். நம் ஊர் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே வைத்திருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டு மறுபடி முயலுங்கள். விண்ணப்பத்தில் ‘அபெயிதோ’ என்று குடும்பப் பெயர் கேட்கும். இனிஷியல் மட்டும் வைத்திருக்கும் நமக்கு இங்கேதான் குழப்பம். பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டத்தில் உள்ளதை அப்படியே இடுங்கள். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்தும் பிசகக்கூடாது.

ஸ்டேஷன் பெயரையும் பாருங்கள். மாட்ரிடில் அடோச்சா, சமர்த்தின் என்று இரண்டு பெரிய ஸ்டேஷன். மாட்டுத்தாவணியில் நிற்க வேண்டியவர் ஆரப்பாளையத்தில் நின்ற கதை ஆகிவிடும். அதிவேக வண்டிக்குப் பெட்டியை ஸ்கேன் செய்த பிறகே உள்ளே விடுவார்கள், வண்டி கிளம்புமுன்பே வாசலையும் மூடிவிடுவார்கள். அரை மணி முன்னால் போய்ப் பலகையில் ‘வியா’ என்ற பிளாட்பார எண்ணுக்குக் காத்திருங்கள். டிக்கெட்டில் ‘கோச்சே’ பெட்டி எண், ‘பிளாசா’ இருக்கை எண்.

மேலூர் வாசகர்: கிரானடாவில் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு நேரில் போய் டிக்கெட் வாங்கலாமா?

நம்பிப் போகாதீர்கள். பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். கிரானடாவில் எந்த நாள் தங்குவது என்பதையே இந்த டிக்கெட் கிடைக்கும் நாளை வைத்து முடிவு செய்வதுதான் சரி. டிக்கெட்டில் ஒரு நேரம் அச்சிட்டிருக்கும். அது கோட்டைக்குள் நுழையும் நேரம் இல்லை, உள்ளே இருக்கும் நஸ்ரி அரண்மனைக்குள் நுழையும் நேரம். பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த நேரத்துக்கு வெளிவாசலில் நின்றால், அரண்மனைக்கு நடந்து சேர 15–20 நிமிடம் ஆகும். தாமதமானால் விடமாட்டார்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஊர் நடுவிலிருந்து சி30, சி32 சிறு பஸ்கள் மேலே ஏறும்.

மேலமாசி வீதி வாசகி: அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். அங்கே என்ன சாப்பிடுவது?

“இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் பன்றித் தொடைத் துண்டையும் சூரை மீனையும் போட்டுத் தருவதுண்டு. அவர்கள் கணக்கில் இரண்டும் இறைச்சியில் சேராமல் போகும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: “சின் ஹமோன், சின் அதூன், சின் வேவோ”, அதாவது பன்றி, சூரை, முட்டை இல்லாமல். டோர்டியா என்றால் அங்கே முட்டை ஆம்லெட், சப்பாத்தி மாதிரி என்று நினைத்து வாங்கவேண்டாம். சல்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாறு சைவம்தான், ஆனால் மேலே முட்டையும் பன்றியும் தூவுவார்கள்.

செவில்யாவில் கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சீரகம் போட்டு வேகவைத்துத் தருவார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். கத்தரிக்காய் வறுவலில் கரும்புப் பாகு ஊற்றியதும், உப்பு தூவிய பச்சை மிளகாய் வறுவலும், தக்காளி தேய்த்த ரொட்டியும் உண்டு. மதியச் சாப்பாடு 1.30-க்கு மேல், இரவு 8.30-க்கு மேல். இடையில் பல உணவகங்களில் அடுப்பு அணைந்திருக்கும். மாட்ரிட் தவிர மற்ற ஊர்களில் பெரும்பாலான சூப்பர் மார்க்கெட் ஞாயிறு மூடல், சனிக்கிழமையே தயிர், பழம் வாங்கிவையுங்கள்.

ஊரிலிருந்து பருப்புப் பொடி கொண்டுபோகலாம். நெய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை மூன்றும் வேண்டாம். வெளிநாட்டுப் பால் பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை, பச்சை இலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

உசிலம்பட்டி வாசகர்: விசா முதலா, டிக்கெட் முதலா? மெட்ரோவில் ஒரே கார்டை நாலு பேர் பயன்படுத்தலாமா?

விசா முதல். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம், பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அதுவரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள். விசா வந்ததும் அதே நாளில் அல்ஹம்ப்ரா, பிறகு ரயில்.

மெட்ரோவில் ஊருக்கு ஊர் சட்டம் வேறு. மாட்ரிடில் சிவப்பு மல்டி கார்டில் ஏற்றும் 10 பயணத்தை நாலு பேரும் மாற்றி மாற்றித் தட்டிப் போகலாம். பார்சிலோனாவின் டி–கேசுவல் 10 பயணச் சீட்டு ஒருவருக்கு மட்டும். நாலு பேருக்கு அங்கே டி–ஃபமிலியார் என்ற 8 பயணச் சீட்டுதான் பொருத்தம். விமான நிலைய மெட்ரோ ஸ்டேஷனில் இரண்டு சீட்டும் செல்லாது, அங்கே தனிச் சீட்டு எடுக்கவேண்டும்.