மலைக் கிராமத்துக்கு ஒரு நாள் போதுமா?

அன்புள்ள ஐயா,

டிசம்பரில் தோளில் ஒரு பையோடு லாவோஸ் கிளம்புகிறேன். பத்து நாள் விடுப்பு. வியன்டியேன், வாங் வியெங், லுவாங் பிரபாங், நோங் கியாவ், போன்சவான், கடைசியாகத் தெற்கே மேகாங் ஆற்றுத் தீவுகள் என்று திட்டம். இப்போது ரயில் ஓடுவதால் முடியும் என்று நினைக்கிறேன். மலைக் கிராமங்களுக்கு ஒரு நாள் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

முதலில் தெற்குத் தீவுகளை அடித்துவிடுங்கள். அவை கம்போடிய எல்லையை ஒட்டி இருக்கின்றன, ரயில் அந்தப் பக்கம் போவதில்லை. போய்வரும் அலைச்சலிலேயே மூன்று நாள் கரைந்துவிடும். வாங் வியெங்கும் இந்த முறை வேண்டாம்.

ரயிலைப் பற்றி நீங்கள் நினைப்பது சரிதான். 2021 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. வியன்டியேனில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் லுவாங் பிரபாங். அதற்கு முன்பு நான் போனபோது பேருந்து மலையைச் சுற்றிச் சுற்றி ஏறிப் போய்ச் சேரப் பத்து மணி நேரம் ஆனது. அந்த ஊர் மக்களுக்கு இந்த ரயில் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஆனால் ரயிலால் மிச்சமாகும் நாளை இன்னொரு நகரத்துக்குக் கொடுக்காதீர்கள். கிராமத்துக்குக் கொடுங்கள். ஒரு நாள் இல்லை, மூன்று இரவு.

லுவாங் பிரபாங்கிலிருந்து வேனில் மூன்று நான்கு மணி நேரத்தில் நோங் கியாவ். அங்கிருந்து 'நாம் ஊ' என்ற ஆற்றில் நீளப் படகு. சுண்ணாம்புக்கல் மலைகள் இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்க, ஒரு மணி நேரத்தில் முவாங் ஙோய் வந்துவிடும். அப்புறம் நடைதான். வயல்களுக்கு நடுவே நடந்தால் பான் நா, ஹுவாய் போ என்று சின்னச் சின்ன ஊர்கள். வீட்டிலேயே தங்க இடம் தருவார்கள்.

அப்படி ஒரு வீட்டுக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "கின் காவ் லேவ் போ?" சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். 'கின் காவ்' என்றால் சோறு சாப்பிடுவது. எந்த வேளைச் சாப்பாட்டுக்கும் அதுதான் சொல். நம் ஊரில் வாசலில் கேட்கும் அதே விசாரிப்பு.

இரவே ஒட்டரிசியை ஊறப்போட்டுவிட்டார். இருட்டு விலகும் முன் அடுப்பு எரிந்தது. இடுப்பு குறுகிய பானையில் தண்ணீர் கொதிக்க, அதன் வாயில் கூம்பு வடிவ மூங்கில் கூடையைச் செருகி ஆவியிலேயே வேகவைத்தார். வெந்த சோற்றை மரத்தட்டில் கொட்டி, அகப்பையால் புரட்டிப் புரட்டி ஆவியைப் போகவிட்டு, மூடியுள்ள சின்ன மூங்கில் கூடையில் அடைத்தார். பகல் முழுக்கச் சோறு காயாமல் மெத்தென்று இருந்தது. வயலுக்குப் போகிறவர் தோளில் அந்தக் கூடைதான் தொங்கும். நான் பெரிய கவளமாக எடுக்க, விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. வீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்து, சிறிதாகக் கிள்ளி மூன்று விரலால் அழுத்தி உருட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரு நாள் சுற்றுலாவில் வந்து மத்தியானமே திரும்புகிறவருக்கு இந்த அடுப்படி கிடைக்காது. நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், 'பாடேக்' என்ற மீன் ஊறல் அநேகமாக எல்லாக் குழம்பிலும் சேரும்.

போன்சவானை விடவேண்டாம். லுவாங் பிரபாங்கிலிருந்து சாலையில் ஒரு முழுப் பகல் போகும், போகட்டும். கல்தாழிகள் கிடக்கும் சமவெளிக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் மோங் என்ற மலை இன மக்களின் கிராமம் ஒன்றில் குண்டு உறையை நெடுக்காகப் பிளந்து, மண் நிரப்பி, வெங்காயத்தாள் வளர்த்திருந்தார்கள். அதைப் படம் எடுத்த கையோடு, தூரத்து மலையும் தெரியட்டும் என்று பாதையை விட்டு இரண்டு அடி இறங்கினேன். பின்னால் வந்த பெண் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். "பொம்பி, பொம்பி" என்றார். எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாக விரல்களை வளைத்துக் காட்டினார்.

1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்தச் சிறிய நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளைக் கொட்டின. அதில் கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சின்னக் குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அந்தப் பெண் 'பொம்பி' என்றது இவற்றைத்தான். மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வெடிக்காமல் மண்ணுக்குள் போயிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இன்றும் மண்வெட்டி போடும் உழவருக்கும், பந்து என்று கையில் எடுக்கும் குழந்தைக்கும் அது வெடிக்கிறது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. அதனால் வியன்டியேனில் இறங்கியதும் முதலில் கோப் மையத்துக்குப் போங்கள். அங்கே கைகால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு கிடைக்க உதவுகிறார்கள். அதற்கு முன்பு மக்கள் மரத்திலும் உலோகத்திலும் தாங்களே செய்துகொண்ட கால்களையும் பார்க்க வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மலைக்குப் போனால், தேய்ந்த ஒற்றையடிப் பாதையை விட்டு நீங்களாகவே விலகமாட்டீர்கள். தாழிகள் இருக்கும் இடத்தில் தரையில் குறியீட்டுக் கற்கள் பதித்திருப்பார்கள். வெள்ளைப் பக்கம் மட்டும் நடங்கள்.

டிசம்பர் நல்ல மாதம், மழை இருக்காது. ஆனால் மலையில் இரவுக் குளிர் கடுமை, ஒரு கம்பளிச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் பணம் எடுக்க இயந்திரம் இல்லை, லுவாங் பிரபாங்கிலேயே லாவோஸ் பணமான கிப் நோட்டுகளைச் சில்லறையாக மாற்றிவிடுங்கள். போய்வந்ததும் எழுதுங்கள். எந்த வீட்டில் தங்கினீர்கள், என்ன சமைத்துப் போட்டார்கள் என்பதை விடாமல் எழுதுங்கள்.