கனிமங்கள் உருவாகும் விதத்தையும் வகைப்பாட்டையும் மனப்பாடம் இல்லாமல் மாணவர்களுக்குக் கற்பிக்க முடியுமா? அதற்கு ஒரு பக்க அட்டவணை தர முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் ஒரு பக்க அட்டவணை அதற்கு உதவாது. நீங்கள் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்துபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பாடத்தில் கனிமங்கள் உலோகம், அலோகம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டு, எது எங்கே கிடைக்கிறது என்ற பட்டியலோடு முடிந்துவிடும். பொருளாதாரப் புவியியலுக்கு அது போதும். கனிமத்தின் இயல்பைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நிலவியல் நடத்தியவன். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு இருந்ததெல்லாம் ஒரு பழைய மரப்பெட்டியும், வெள்ளை வண்ணத்தில் எண் எழுதிய கற்களும்தான். செய்முறைத் தேர்வில் எவரும் கல்லைக் கீறிப் பார்ப்பதில்லை, அது எந்தத் தளங்களில் பிளக்கிறது என்ற பிளவைக் கவனிப்பதில்லை. மூலை உடைந்திருந்தால் ஃபெல்ஸ்பார், எண் பாதி அழிந்திருந்தால் கால்சைட் என்று மூத்த மாணவர்கள் சொல்லிக்கொடுத்த அடையாளத்தை வைத்தே முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். புதிய மாதிரிகள் கேட்டு ஆண்டுதோறும் எழுதிக் கொடுத்தோம். கல் வாங்க எதற்குப் பணம் என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வந்ததுதான் மிச்சம்.

அந்தப் பெட்டியை மூடிவைத்துவிட்டு மாணவர்களை உப்பளத்துக்கு அழைத்துச் சென்றேன். கடல்நீர் வற்றும்போது அதில் கரைந்துள்ளவை எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. ஏறத்தாழப் பாதியாக வற்றும்போது கால்சியம் கார்பனேட்டும், ஐந்தில் ஒரு பங்காகும்போது கால்சியம் சல்பேட்டான ஜிப்சமும், பத்தில் ஒரு பங்காகும்போது ஹாலைட் எனப்படும் சாதாரண உப்பும் படியத் தொடங்குகின்றன. இத்தாலிய வேதியியலாளர் உசிக்லியோ மத்தியதரைக் கடல்நீரை ஆவியாக்கி 1849-இல் வெளியிட்ட வரிசை இதுதான். உப்பளத்தில் அது பாத்தி பாத்தியாகத் தரையில் கிடக்கிறது. நீரைத் தேக்கி வற்றவைக்கும் பாத்திகளின் அடியில் காலுக்குச் சொரசொரக்கும் ஜிப்சப் பொருக்கைப் பெயர்த்தெடுக்கலாம். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே அலகில் 25 டிகிரியைத் தொட்டபின்னரே நீர் உப்புப் பாத்திக்கு வருகிறது. 30-ஐ நெருங்குவதற்குள், மெக்னீசிய உப்புகள் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். எந்தக் கனிமம் எப்போது படியும் என்பது உப்பளத் தொழிலாளிக்கு அன்றாடக் கணக்கு என்பதை மாணவர்கள் அங்கேதான் கண்டார்கள்.

பிறகு மூன்றையும் அவர்கள் கையில் கொடுத்தேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் கார்பனேட் நுரைத்தது, ஜிப்சம் அசையவில்லை. கடினத்தன்மையை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோசின் அளவுகோலில் ஜிப்சம் 2, நகம் ஏறத்தாழ 2.5 என்பதால் நகத்தாலேயே கோடு போட முடிந்தது. உப்புப் படிகத்தைத் தட்டியபோது சிறிய கனசதுரத் துண்டுகளாகவே உடைந்தது. ஒரே நீரிலிருந்து கார்பனேட், சல்பேட், ஹாலைடு என மூன்று கனிம வகுப்புகள் கிடைத்துவிட்டன. முதல் இரண்டிலும் கால்சியம் இருக்கும்போது அவை ஏன் வெவ்வேறு வகுப்பு என்று ஒரு மாணவி கேட்டாள். கால்சியம் கார்பனேட்டான கால்சைட்டும் இரும்புக் கார்பனேட்டான சிடரைட்டும் ஒரே படிக அமைப்பும் ஒரே மாதிரியான பிளவும் கொண்டவை. ஆனால் கால்சைட்டுக்கும் ஜிப்சத்துக்கும் அப்படிப்பட்ட ஒற்றுமை இல்லை. குணத்தைத் தீர்மானிப்பதில் கார்பனேட், சல்பேட் போன்ற எதிர்மின் அயனித் தொகுதிக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால்தான் வகுப்பும் அதன் பெயரில் அமைகிறது. 1837-இல் வேறொரு முறையில் கனிமங்களைப் பிரித்த அமெரிக்கக் கனிமவியலாளர் டேனாவே 1854-இல் வேதியியல் வகைப்பாட்டை முன்வைத்தார் என்பதை அந்த இடத்தில் சொன்னால் மாணவர்கள் மறப்பதில்லை.

உப்பளத்து உப்பு மனிதர் பாத்தி கட்டி விளைவித்தது, ஆகவே அது கனிமமே அல்ல என்று சிலர் இங்கே சண்டைக்கு வரக்கூடும். கனிமம் இயற்கையில் உருவாகியிருக்க வேண்டும் என்ற வரையறையை நானும் அறிவேன். தூத்துக்குடியில் பல அளங்கள் நிலத்தடி உப்புநீரை இறைத்தே நடக்கின்றன என்பதும் தெரியும். நான் காட்ட விரும்பியது கனிமம் படியும் முறையைத்தான். இந்துப்பு எனப்படும் பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்க உப்பு, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் ஒரு கடல் வற்றியபோது இதே முறையில் படிந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. உருவான விதமும் வகுப்பும் ஒன்றே என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். அதை உடைக்கச் சேலத்து மேக்னசைட்டைக் காட்டுங்கள். அதுவும் கார்பனேட்தான், ஆனால் கடலில் படியவில்லை, மெக்னீசியம் மிகுந்த பாறைகளைக் கார்பன் டைஆக்சைடு கலந்த நீர் மாற்றியதால் வெள்ளை நரம்புகளாக உருவானது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் இதற்கு நேர்மாறான பாடம். அதிலுள்ள கார்னெட் சிலிகேட் வகுப்பு, இல்மனைட் ஆக்சைடு வகுப்பு, மோனசைட் பாஸ்பேட் வகுப்பு; மூன்றும் உள்நாட்டுப் பாறைகளில் உருவாகி ஆறுகளால் வந்து சேர்ந்தவை. அலைகள் அவற்றை எடைக்கேற்பப் பிரித்துக் குவித்தன, அவ்வளவே. ஒரு வலுவான காந்தம் கொண்டுபோனால் மணலிலிருந்து கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும்; அது போதும் பேச்சைத் தொடங்க.

சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த குவார்ட்ஸ் சிலிகேட்டா ஆக்சைடா என்று எவரேனும் கேட்டால் மழுப்பாதீர்கள். டேனா முறையில் அது சிலிகேட், ஜெர்மன் கனிமவியலாளர் ஸ்ட்ரன்ஸின் முறையில் ஆக்சைடு. இரண்டையும் சொல்லி, அணு அமைப்பை வரைந்து காட்டி, அவர்களையே வாதாட விடுங்கள். உப்பளத்துக்குப் போவதானால் மழைக்காலம் முடிந்து உப்பு வாரத் தொடங்கியபின், மார்ச் வாக்கில், காலையிலேயே போங்கள். அளக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அமிலக் குப்பி உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும்.