லீவும் மெமோவும்

அன்புள்ள அண்ணாச்சி,

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஆபரேட்டராக இருந்த என்னை இப்போது சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் எடுத்ததற்கெல்லாம் ஏசுவார். ஆனால் அவர் ஷிப்டில் உற்பத்தி குறைந்ததில்லை. நான் அப்படி இருக்கக் கூடாது என்று யாரையும் எதுவும் சொல்வதில்லை. பங்குனி உத்திரத்துக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் லீவு கொடுத்தேன். லைன் பாதியில் நின்றுவிட்டது. மேலே பதில் சொல்ல முடியவில்லை. என் அப்பா வயதுள்ள ஆபரேட்டர் ஒருவர் நான் சொல்வதைக் காதிலேயே வாங்குவதில்லை. அவருக்கு மெமோ கொடுக்கலாமா? கடுமையாக இருந்தால்தான் வேலை நடக்குமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

பங்குனி உத்திரத்துக்கு நம் பக்கத்தில் ஆளைப் பிடித்து நிறுத்த முடியாது. எந்த ஊரில் இருந்தாலும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போயாக வேண்டும். அவர்கள் கேட்டதும் சரி, நீங்கள் இரங்கியதும் சரி. ஆனால் லீவு கேட்காமல் அன்று வேலைக்கு வந்தவர்களும் உண்டே? மற்றவர்கள் பாரம் அவர்கள் தலையில்தான் விழுந்திருக்கும். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அமெரிக்காவில் கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் லிப்பிட், வைட் என்ற இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 1939ல் வெளிவந்தது. பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒருவிதத் தலைவர் அடுத்து என்ன என்பதை அப்போதைக்கப்போது உத்தரவாகச் சொல்வார். இன்னொருவர் வேலை முழுவதையும் விளக்கி, பையன்களோடு பேசி முடிவெடுப்பார். மூன்றாமவர் சாமானைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். உத்தரவு போட்டவரிடம் வேலை நன்றாகவே நடந்தது; அவர் அறையைவிட்டு வெளியே போனதும் படுத்துவிட்டது. பேசி முடிவெடுத்த குழுவில் தலைவர் இல்லாதபோதும் கை ஓடியது. ஒதுங்கியவரின் குழுவில் வேலையும் குறைவு, தரமும் மட்டம்.

பையன்களை வைத்துப் பார்த்ததை அப்படியே ஆலைக்குப் பொருத்த முடியாதுதான். இருந்தாலும் சொல்கிறேன்: நீங்கள் உங்களை இரண்டாமவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு நீங்கள் மூன்றாமவராகத் தெரிகிறீர்கள்.

இனி கடுமைக்கு வருவோம். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு கடைகளுக்குச் சுற்றியவர். முதல் கடையில் பீடியை வாங்குகிறவர் சிரித்த முகம். "என்னக்கா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கை பீடியைக் கழிவு என்று ஒதுக்கிவிடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. ஏன் என்று கேட்டால், "மேல ஒத்துக்க மாட்டாங்க" என்பதோடு சரி. அடுத்த கடையில் இருந்தவர் வாயைத் திறந்தாலே ஏச்சு. ஆனால் கழிக்கிற ஒவ்வொரு பீடியையும் அக்கா கையில் கொடுத்து, "மடிப்பு விட்டிருக்கு பாரு, தூள் கொட்டுது" என்று காட்டுவார். "அவரு ஏசுவாரு, ஏமாத்த மாட்டாரு" என்பது அக்காவின் தீர்ப்பு.

அந்த ஏச்சை நான் நியாயப்படுத்தவில்லை. அக்காவுக்கு அதுவும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவரிடம் "இது நல்லாத்தானே இருக்கு" என்று எதிர்த்துப் பேச முடிந்தது. சிரித்தவரிடம் அதற்கு வழியே இல்லை. பீடித் தொழிலாளர்களுக்காக 1966ல் வந்த சட்டம், கழிவு பற்றிய தகராறைத் தீர்க்கவென்றே 39ஆம் பிரிவில் இடம் வைத்தது. ஒருவர் "சரியில்லை" என்று சொன்னதும் இன்னொருத்தியின் கூலி போகிறது என்றால், அவள் போய்க் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? உங்கள் ஷிப்டில் அப்படிக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள்.

லீவிலிருந்தே தொடங்குங்கள். அது சின்ன விஷயமில்லை. 1908ல் வ.உ.சி. தலைமையில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் வார விடுமுறையும் ஒன்று. அடுத்த திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஆட்களைக் கூட்டிப் பேசுங்கள். லைன் ஓடக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும், போன தடவை யாருக்குக் கிடைத்தது, யாருக்கு இல்லை என்று எல்லோர் கண்ணிலும் படும்படி போர்டில் எழுதிப் போடுங்கள். தங்களுக்குள் மாற்றிக்கொள்ள விடுங்கள். கடைசியில் பெயரை முடிவுசெய்வது நீங்கள்தான். அந்தப் பொறுப்பைத் தட்டிக் கழிக்காதீர்கள். யாருக்கு இல்லையோ அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

அந்தப் பெரியவரை அந்தப் பேச்சுக்கு முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். மிஷின் பற்றி உங்களைவிட அவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும்; அதை நாலு பேர் முன்னால் கேட்பதில் உங்களுக்கு ஒரு குறைவும் வராது. எதைக் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்று தனியே உட்கார்ந்து பேசுங்கள். அவர் சொல்லும் காரணம் சரியாக இருந்தால் உங்கள் உத்தரவை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் முறுக்கிக்கொண்டால் மெமோ கொடுக்கலாம். அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதை நீங்களே வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். ஒன்றில் மட்டும் காத்திருக்காதீர்கள்: பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு மிஷினை ஓட்டினார் என்றால், வயதைப் பார்க்காமல் அந்த நிமிடமே மிஷினை நிறுத்தி, அன்றைக்கே மெமோவைக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி