வின்ச் மாட்டுனா மூக்கு இறங்குது, என்ன பண்றது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் 3 டோர் மஹிந்திரா தார் ஜீப்ல முன்னாடி ஸ்டீல் பம்பர், வின்ச் (சேத்துல சிக்குன வண்டிய கேபிளால இழுக்குற மெஷின்) ரெண்டும் மாட்டுனேன், சேர்த்து 90 கிலோ. இப்ப மூக்கு இறங்கி நிக்குது. பின்னாடி 60 கிலோ மணல் மூட்டை போட்டா சரியாயிடும்னு மெக்கானிக் அண்ணன் சொல்றாரு. போடலாமா? – கூடலூர் வாசகர்

பதில்: வேணாம் சார். முன் ஆக்ஸில்ல, அதாவது முன் சக்கரங்களோட அச்சுல, 90 கிலோதான் ஏறியிருக்குன்னு நினைச்சிருப்பீங்க, ஆனா வின்ச் ஆக்ஸிலுக்கு மேல உக்காரல, அதுக்கும் முன்னாடி தொங்குது, சுமாரா 70 செ.மீ.ன்னு வைங்க, உங்க வண்டி வீல்பேஸ், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைவெளி, 245 செ.மீ., அப்போ ஏத்தமரம் மாதிரி முன்பக்கம் அமுங்கி பின்பக்கத்த தூக்கும். 90 × 70 ÷ 245, கிட்டத்தட்ட 26 கிலோ பின் ஆக்ஸில்ல குறையுது, முன்னாடி 116 ஏறுது. மழைல சேறா இருக்குற இறக்கத்துல பிரேக் அடிச்சா பின்பக்கம் வழுக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப மூட்டைக்கு வருவோம். டிக்கில, பின் ஆக்ஸிலுக்கு 50 செ.மீ. பின்னால வச்சா, அதே கணக்குப்படி முன்னாடி குறையறது வெறும் 12 கிலோ. அதுக்காக 60 கிலோவ சுமந்துட்டு மலை ஏறணுமா? டீசல் செலவு, பிரேக் தேய்மானம் வேற, கட்டாம வச்சா குலுங்குறப்ப மூட்டை சீட் மேல வந்து விழும்.

முன் ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டியா போட்டா உயரம் சரியாகும், ஆனா டயர்லயும் ஆக்ஸில்லயும் ஏறுன எடை அப்படியேதான் இருக்கும், ஹெட்லைட்டையும் திரும்ப அலைன் பண்ணணும். அதனால முதல்ல எடைய குறைங்க, வின்ச்ல ஸ்டீல் கேபிளுக்கு பதிலா சிந்தெடிக் ரோப் போடுங்க, டூல்ஸ், ஜாக் எல்லாம் முன் சீட்டுக்கு பின்னால தரையோட கட்டி வைங்க. அந்த பம்பர் புல் பார் டைப்னா (முன்னாடி துருத்திட்டு நிக்குற கம்பித் தடுப்பு) கழட்டிடுங்க, 2017லயே மத்திய அரசு அதுக்கு எதிரா நடவடிக்கை எடுக்க சொல்லிடுச்சு, ஏர்பேக் வேலை செய்யறதையும் அது கெடுக்கலாம்.

அப்புறம் ஒரு எடை மேடைக்கு போங்க. ஃபுல் டேங்க், வழக்கமா வர்ற ஆளுங்களோட முன் சக்கரம் மட்டும் ஏத்தி ஒரு தடவ, முழு வண்டியும் ஏத்தி ஒரு தடவ. கழிச்சா பின் ஆக்ஸில் கணக்கு வந்துடும். அத கம்பெனி சொல்ற ஆக்ஸில் லிமிட்டோட ஒப்பிட்டு பாருங்க.

கேள்வி: வண்டி கூரை மேல மாட்டுற ரூஃப் டென்ட் ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல வருது, பிரச்னை இல்லதானே?

பதில்: முன்-பின் கணக்குல பெருசா இல்ல, உயரத்துலதான் இருக்கு. சரிவுல பக்கவாட்டா போறப்ப சீக்கிரம் கவிழும். ஓட்டும்போது ரூஃப் எவ்ளோ தாங்கும்னு மேனுவல்ல பாருங்க, டென்ட்ட தாங்குற ரேக் எடையையும் அதுல சேத்துக்குங்க, சாஃப்ட் டாப்னா (துணிக் கூரை) டென்ட்ட மறந்துடுங்க.